பாவா ஆதம் மலையில் இப்னு பதூதா

உலகம் சுற்றிய பெரியார்கள் என்று எண்ணத் தொடங்கினால் நம்மவர் நாவில் முதலில் வருவது இப்னு பதூதா அவர்களின் பெயர்தான். மக்கா, டில்லி, சீனா என்று அன்னார் கண்ட நாடுகளின் பட்டியல் பலருக்குத் தெரியும். ஆனால் நமது தாயகத்துக்கு எதிர்க்கரையிலேயே இருக்கும் ஒரு மலையில், 1344-ஆம் ஆண்டில், இரும்புச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அவர் ஏறிய வரலாறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்த மலை இலங்கையிலுள்ள பாவா ஆதம் மலை. கடலை நம்பித் தொழில் செய்த குலத்தில் வந்தவர்களாகிய நாம் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் அந்த ஒரு பயணத்தில் நிறைய உண்டு. ஆதலின் அன்னாரது வாழ்க்கையைச் சுருக்கமாகவும், மலையேறிய நாட்களைச் சற்று விரிவாகவும் இங்கே கூறுகின்றோம்.

பிறப்பும் புறப்பாடும்

ஆப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில், மொராக்கோ நாட்டைச் சேர்ந்த தாஞ்சியர் என்னும் துறைமுக நகரில், ஹிஜ்ரி 703 ரஜப் மாதம், அதாவது 1304 பிப்ரவரியில், இப்னு பதூதா பிறந்தார். குடும்பம் மார்க்கச் சட்டம் கற்றுக் காஜிகளாகப் பணிபுரிந்த குடும்பம். அவரும் அக்கல்வியே கற்றார். 1325 ஜூன் மாதத்தில், 21 வயதில், ஹஜ்ஜுக்கென்று வீட்டை விட்டுத் தனியாகப் புறப்பட்டார். பெற்றோர் இருவரும் அப்போது உயிருடன் இருந்தனர். அவர்களைப் பிரிவது அவருக்குப் பெருந் துயரமாயிருந்தது. ஹஜ்ஜை முடித்து ஓரிரு ஆண்டில் திரும்புவார் என்றுதான் ஊரார் எண்ணியிருப்பார்கள். அவர் திரும்பி வந்ததோ 24 ஆண்டுகள் கழித்து. அப்போது தாயும் இல்லை, தந்தையும் இல்லை.

ஹஜ்ஜுக்குப் பின் ஈராக், பாரசீகம், ஏமன், கிழக்கு ஆப்பிரிக்கக் கரை, துருக்கியர் நாடு எனச் சுற்றி, 1333-இல் சிந்து நதியை அடைந்தார். டில்லி சுல்தான் முகம்மது பின் துக்ளக் அவரை 12,000 தீனார் ஆண்டுச் சம்பளத்தில் காஜியாக நியமித்தார். பதவியும் பணமும் இருந்தன. ஆனால் அந்தச் சுல்தானின் அரண்மனையில் யாருக்கும் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. சுல்தானின் கோபத்துக்கு ஆளான ஒரு பெரியாரைச் சென்று கண்டார் என்பதற்காக இப்னு பதூதாவும் காவலில் வைக்கப்பட்டார். விடுதலையான பின் பதவியைத் துறந்து பக்கீராக வாழ்ந்தார். பின்னர் அதே சுல்தான் அவரை அழைத்துச் சீனச் சக்கரவர்த்திக்குத் தூதராக அனுப்பினார்.

பத்துத் தீனாரும் ஒரு விரிப்பும்

தூதுக் குழு கோழிக்கோட்டில் கப்பலேற நின்றது. ஜும்ஆவை முன்னிட்டு இப்னு பதூதா கரையிலேயே தங்கினார். கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்தன. இரவில் புயல் வந்தது. சுல்தானின் வெகுமதிகளை ஏற்றிய பெரிய கப்பல் உடைந்து, ஆட்கள் மாண்டனர். அவருடைய சொந்தச் சாமான்கள் இருந்த மற்றக் கப்பல், அவரை விட்டுவிட்டுக் கடலோடிவிட்டது. கரையில் நின்றவரிடம் மிஞ்சியது பத்துத் தீனாரும், படுத்துறங்கும் ஒரு விரிப்பும் மட்டுமே.

டில்லிக்குத் திரும்பினால் தலை தப்பாது என்ற அச்சம். ஆகவே கடைசியில் மாலத்தீவுக்குச் சென்றார். அங்கே காஜியாகி, அமைச்சர்களின் குடும்பத்தில் பெண் கொண்டு, செல்வாக்கோடு வாழ்ந்தார். நாளடைவில் அமைச்சருடன் மனத்தாங்கல் முற்றியது. 1344 ஆகஸ்டில் தீவை விட்டுப் புறப்பட்டார்.

அவர் செல்ல எண்ணியது நமது தமிழகத்துக் கரைக்கு. அரபிகள் அக்கரையை மஃபர் என்றனர். மதுரையில் அப்போது ஆட்சி செய்த சுல்தான் கியாதுத்தீன் அவருக்குச் சகலர். டில்லியில் இருந்தபோது இருவரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். மூன்று நாள் ஓட வேண்டிய கடல். அனுபவமுள்ள மாலுமி இல்லாததால் ஒன்பது நாள் அலைந்தார்கள். ஒன்பதாம் நாள் தொலைவில் புகைத் தூண் போல ஒன்று வானில் நின்றது. அதுதான் செரந்தீபின் மலை.

புத்தளத்து அரசர்

வந்து சேர்ந்த கரை புத்தளம். கப்பலில் இருந்தவர்கள் துறையில் நுழையவே அஞ்சினர். அந்தக் கரை ஆரியச் சக்கரவர்த்தி என்னும் யாழ்ப்பாணத் தமிழ் மன்னருடையது. கடலில் வல்லவர், அவரது ஆட்கள் கப்பல்களை மறித்துக் கொள்ளையிடுவர் என்ற பேச்சும் உண்டு. இப்னு பதூதா பின்னர் மஃபர் கரையில் அம்மன்னருக்குரிய நூறு மரக்கலங்களைக் கண்டதாக எழுதுகிறார். ஆனால் காற்று பலத்திருந்தபடியால் வெளியே நிற்கவும் வழியில்லை. தம்மைக் கரையிறக்கிவிட்டால் அபயம் பெற்று வருவதாக நகுதாவிடம் கூறி, இப்னு பதூதா தாமே முன்சென்றார்.

மஃபர் சுல்தானின் உறவினர் என்று அறிந்ததும் மன்னர் எழுந்து வரவேற்றார். கப்பலில் வந்தவர்களுக்கெல்லாம் அபயம் கொடுத்தார். அவருக்குப் பாரசீக மொழி தெரிந்திருந்தது. தூர நாடுகளின் செய்திகளையும் அரசர்களின் கதைகளையும் கேட்பதில் அவருக்கு அளவற்ற ஆசை. மூன்று நாட்களில் இருவருக்கும் நட்பு முதிர்ந்தது.

அந்தக் கரையில் கண்ட ஒரு காட்சி நம்மவர்க்குச் சுவைக்கும். மழை வெள்ளம் அடித்துக் கொண்டுவந்த கறுவா மரங்கள் கரை நெடுகக் குவிந்து கிடந்தன. மஃபரிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் வந்த வியாபாரிகள் அவற்றை விலையின்றி ஏற்றிச் சென்றனர். அதற்குப் பதிலாக மன்னருக்குத் துணிமணிகளை அன்பளிப்பாகக் கொடுத்தனர். இந்தக் கரைக்கும் மஃபருக்கும் ஒரு பகல் ஓர் இரவுக் கடல்தான். நமது முன்னோர் சரக்கோடு போய் வந்த அதே கடல் அது.

ஒரு நாள் மன்னர் முத்துக்களைக் காட்டி, மதிப்புள்ளவற்றைப் பரிசளித்தார். வேண்டியதைக் கூச்சமின்றிக் கேட்கலாம் என்றும் சொன்னார். இப்னு பதூதா பொன்னோ முத்தோ கேட்கவில்லை. இத்தீவில் கால் வைத்தது முதல் ஆதம் (அலை) அவர்களின் பாதச் சுவட்டைக் காண வேண்டும் என்ற ஒன்றைத் தவிர வேறு ஆசை இல்லை என்றார். மன்னர் அது எளிது என்றார். அடுத்து அவர் கேட்டதுதான் கவனிக்க வேண்டியது. தம்மை ஏற்றி வந்த கப்பல் ஆபத்தின்றி மஃபருக்குப் போய்ச் சேர வேண்டும், தாம் திரும்பி வந்த பின் மன்னரின் கப்பலில் தம்மை அனுப்ப வேண்டும் என்று கேட்டார். மன்னர் இசைந்தார். ஆனால் இதைக் கேட்ட நகுதா புறப்பட மறுத்துவிட்டார். ஓராண்டானாலும் காத்திருந்து, கூட்டிவந்தவரைக் கூட்டிக்கொண்டே போவதாகச் சொன்னார். மன்னர் மகிழ்ந்து, அதுவரை நகுதா தமது விருந்தாளி என்றார்.

உடன் சென்றவர்கள்

மன்னர் ஒரு பல்லக்கும் அதைத் தூக்குவோரையும் கொடுத்தார். ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை செய்து பழகிய யோகிகள் 4 பேர், பிராமணர்கள் 3 பேர், வேறு துணைவர் 10 பேர், உணவுப் பொருள் சுமப்போர் 15 பேர் ஆகியோரையும் உடன் அனுப்பினார். ஆதம் நபியின் அடிச்சுவட்டைக் காணப் புறப்பட்ட முஸ்லிமுக்கு, இந்து மன்னர் செலவு செய்ய, யோகிகளும் பிராமணர்களும் வழி காட்டினர். 600 ஆண்டுகளுக்கு மேற்பட்ட செய்தி இது.

முதல் நாள் ஓர் ஆற்றை மூங்கில் தெப்பத்தில் கடந்தனர். மன்னரின் எல்லையிலிருந்த ஊரில் நல்ல விருந்து கிடைத்தது. அவ்வூரில் இருந்த ஒரே முஸ்லிம், நோயால் பயணம் தடைப்பட்டுத் தங்கிவிட்ட ஒரு குராசான் தேசத்தார். அவரும் இவர்களோடு சேர்ந்துகொண்டார்.

அதன் பின் காடும் நீரும் யானைகளும் நிறைந்த வழி. யானைகள் யாத்திரிகரை ஒன்றும் செய்வதில்லை என்று வழிகாட்டிகள் சொன்னார்கள். அதற்கு ஒரு கதையும் வழங்கியது. பல நூற்றாண்டுக்கு முன் ஷீராஸைச் சேர்ந்த ஷெய்கு அபூ அப்துல்லா இப்னு கபீப் என்ற பெரியார் 30 பக்கீர்களோடு இவ்வழியே வந்தாராம். வழி தவறிப் பசியால் வாடிய பக்கீர்கள், ஷெய்கு தடுத்தும் கேளாமல், ஒரு யானைக் குட்டியைக் கொன்று தின்றனர். அன்றிரவு யானைகள் கூட்டமாக வந்து, ஒவ்வொருவரையும் மோந்து பார்த்துக் கொன்றன. இறைச்சியைத் தொடாத ஷெய்கை மட்டும் ஒரு யானை துதிக்கையால் தூக்கி முதுகில் வைத்து, மக்கள் வாழும் இடத்தில் இறக்கிவிட்டது. அன்று முதல் அந்நாட்டார் முஸ்லிம்களை மதித்து வீட்டில் சேர்த்தனர் என்பது கதை. கதையின் உண்மை எப்படியிருப்பினும், மலைப்பாதையை முஸ்லிம்களுக்குத் திறந்துவிட்டவர் அப்பெரியார் என்று அக்காலத்தார் நன்றியோடு நினைத்தனர் என்பது தெளிவு.

மாணிக்கம் கிடைக்கும் ஊர்களையும், நீண்ட வாலும் தாடியும் உள்ள கருங்குரங்குகளையும் கண்டுகொண்டு அவர்கள் மலையடியை நெருங்கினர். ஈரமான புல்லிலும் மரத்திலும் அட்டைகள் இருந்தன. மனிதன் அருகில் வந்ததும் தாவி ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். அதற்கென்று யாத்திரிகர் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்திருந்து, அட்டையின் மேல் சாற்றைப் பிழிவார்கள்; அது விழுந்துவிடும். பின் அவ்விடத்தை மரக் கத்தியால் சுரண்டுவார்கள். இந்த வைத்தியத்தையும் அன்னார் மறவாமல் எழுதி வைத்தார்.

கலிமாச் சங்கிலி

இம்மலை 7,359 அடி, அதாவது 2,243 மீட்டர் உயரமுள்ளது. இலங்கையில் இதைவிட உயர்ந்த மலைகள் உண்டு. ஆனால் கூம்பு போலத் தனித்து நிற்பதால் கடலிலிருந்து கண்ணில் படுவது இதுதான். உச்சிப் பாறையிலுள்ள பள்ளத்தைப் பௌத்தர்கள் புத்தரின் பாதம் என்பர். இந்துக்கள் சிவனொளிபாதம் என்பர். நம்மவர் பாவா ஆதம் (அலை) அவர்களின் பாதம் என்பர். ஆதம் நபி இறங்கிய இடத்தின் பெயர் திருக்குர்ஆனில் கூறப்படவில்லை. அது செரந்தீப் என்பது முன்னோர் வழியாக வந்த செய்தி. அச்செய்தியை நம்பியே அரபிகளும் பாரசீகரும் கடல் கடந்து வந்து இம்மலையில் ஏறினர்.

இப்னு பதூதா காலத்தில் ஏறுவதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று பாபா வழி, மற்றது மாமா வழி. ஆதம், ஹவ்வா இருவரையும் குறிக்கும் பெயர்கள் அவை. மாமா வழி எளியது. இறங்குவோர் அதில் இறங்குவர். ஆனால் அதில் ஏறியவரை யாத்திரை செய்தவராகவே யாரும் மதிப்பதில்லை. பாபா வழியோ செங்குத்தானது. இப்னு பதூதா பாபா வழியில் ஏறினார்.

பழங்காலத்தார் பாறையில் படிகள் வெட்டி, இரும்பு முளைகளை அறைந்து, அவற்றில் சங்கிலிகளைத் தொங்கவிட்டிருந்தனர். அவருக்கு அரை நூற்றாண்டு முன்பு இத்தீவைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோவும் அச்சங்கிலிகளைக் குறிப்பிடுகிறார். மொத்தம் பத்துச் சங்கிலிகள் என்று இப்னு பதூதா எண்ணிச் சொல்கிறார். இரண்டு மலையடி வாயிலருகே. ஏழு அதற்கு மேல் ஒன்றையடுத்து ஒன்றாக. பத்தாவதற்குப் பெயர் கலிமாச் சங்கிலி. அந்த இடத்தை அடைந்து கீழே பார்த்தவனுக்குத் தலை சுற்றும். விழுந்துவிடுவோம் என்ற அச்சத்தில் வாய் தானாகவே ஷஹாதத் கலிமாவை மொழியும். அதனால் வந்த பெயர் அது.

அந்தச் சங்கிலியில் தொங்கியவரின் நிலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். வயது நாற்பது. தூதும் போயிற்று, பொருளும் போயிற்று. டில்லிக்குப் போக முடியாது. மாலத்தீவுக்கும் மனம் இல்லை. ஈரப் பாறையில், கைக்குக் கிடைத்தது, பெயர் தெரியாத யாரோ முன்னொரு காலத்தில் அறைந்துவைத்த ஓர் இரும்பு. அதைப் பிடித்து அவர் மேலே ஏறினார்.

பத்தாம் சங்கிலிக்கு மேல் ஏழு மைல் தூரத்தில் கிள்ரு (அலை) அவர்களின் பெயரால் ஒரு குகை இருந்தது. விசாலமான இடம், பக்கத்தில் மீன் நிறைந்த ஊற்று, அம்மீனை யாரும் பிடிப்பதில்லை. யாத்திரிகர் மூட்டை முடிச்சுகளை அங்கே வைத்துவிட்டு, கடைசி இரண்டு மைலை வெறுங்கையாக ஏறுவர். உச்சியில் கரும்பாறையில் பதிந்திருந்த சுவடு 11 சாண் நீளம் என்று அளவு தருகிறார். அதைச் சுற்றி ஒன்பது குழிகள். இந்து யாத்திரிகர் அவற்றில் பொன்னும் மாணிக்கமும் முத்தும் காணிக்கை இடுவர். குகைக்கு வந்து சேர்ந்த பக்கீர்கள், அவற்றை எடுத்துக்கொள்ள ஒருவரை ஒருவர் முந்தி ஓடுவராம். இவர்கள் போனபோது சில கற்களும் சிறிது பொன்னுமே இருந்தன. அதையும் எடுத்து வழிகாட்டிக்குக் கொடுத்துவிட்டனர்.

மூன்று நாள் குகையில் தங்கி, காலையும் மாலையும் உச்சிக்குச் சென்று வருவது அங்குள்ள வழக்கம். இவர்களும் அவ்வாறே செய்தனர். பின்னர் மாமா வழியாக இறங்கி, தேவேந்திர முனை, காலி, கொழும்பு ஆகிய ஊர்கள் வழியே புத்தளம் திரும்பினர். அங்கே நகுதா சொன்ன சொல் தவறாமல் கப்பலோடு காத்திருந்தார்.

போனதும் நின்றதும்

மஃபரை நெருங்கும் போது புயலடித்தது. கப்பல் ஆழமில்லாத பாறைக் கடலில் மாட்டி உடைந்தது. பெண்களையும் தோழர்களையும் தெப்பத்தில் அனுப்பிவிட்டு, இப்னு பதூதா உடைந்த கப்பலின் பின்புறத்தில் இரவெல்லாம் கிடந்தார். விடிந்ததும் நமது கரையோர மக்கள் படகில் வந்து காப்பாற்றினர்.

மதுரையில் அப்போது கொள்ளைநோய். சுல்தான் கியாதுத்தீன் சிறிது காலத்தில் இறந்தார். இப்னு பதூதாவுக்கும் கடுங்காய்ச்சல் கண்டது. அங்கே நிறையக் கிடைத்த புளியில் ஒரு ராத்தல் அளவு தண்ணீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாட்களில் காய்ச்சல் விட்டது. நமது சமையலறைப் புளி ஓர் உலகப் பயணியின் உயிரைக் காத்தது என்று நாம் பெருமை கொள்ளலாம்.

பிறகு மலையாளக் கரைக்குச் சென்று கப்பலேறியபோது 12 கொள்ளைக் கப்பல்கள் வளைத்துக்கொண்டன. புத்தளத்து மன்னர் தந்த முத்தும் மணியும், பெரியோர் தந்த துணிமணியும் எல்லாம் பறிபோயின. கால்சட்டை ஒன்றோடு கோழிக்கோட்டில் இறங்கியவருக்கு, மார்க்க அறிஞர் ஒருவர் ஓர் ஆடையும், அவ்வூர்க் காஜி ஒரு தலைப்பாகையும், வியாபாரி ஒருவர் மற்றோர் ஆடையும் அனுப்பிவைத்தனர். அந்த வியாபாரியின் பெயர் நூலில் இல்லை. அவர் கொடுத்த ஆடை மட்டும் இருக்கிறது.

அதன் பின் வங்காளம் சென்றார். நாம் வாழும் இக்கரைக்கு எதிரேயுள்ள சுமத்ராவில் பாசாய் சுல்தான் அல் மலிகுஸ் ஸாஹிரின் விருந்தாளியாய்த் தங்கினார். அந்தச் சுல்தான் நம்மைப் போலவே ஷாபி மத்ஹபைப் பின்பற்றியவர் என்பதை மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறார். சீனாவைக் கண்டு, 1349-இல் மொராக்கோ திரும்பினார். பின்னர் ஸ்பெயினிலுள்ள கிரனாடாவுக்கும், பாலைவனம் கடந்து மாலி நாட்டுக்கும் போய்வந்தார். சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படி அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸை என்பவர் எழுத, 1355-இல் பயண நூல் முடிந்தது. அதிலுள்ள சில இடங்களை அவர் நேரில் கண்டாரா என்று பிற்கால ஆய்வாளர் ஐயுறுவதுண்டு. ஆனால் செரந்தீப் மலையைப் பற்றிய பகுதியை வரலாற்றாசிரியர்கள் இன்றும் எடுத்தாளுகின்றனர். 1368 அல்லது 1369-இல் தம் நாட்டிலேயே காஜியாக இருந்து காலமானார் என்பர்.

முத்து போயிற்று, மாணிக்கம் போயிற்று, மலையேறிய செய்தி மட்டும் நமக்கு வந்து சேர்ந்தது. இன்றும் டிசம்பர் முதல் மே வரை நான்கு சமயத்து மக்களும் அம்மலையில் ஏறுகின்றனர். இரத்தினபுரிப் பக்கம் கடினமான வழியும், அட்டன் பக்கம் எளிய வழியும் என இப்போதும் இரண்டு வழிகள் உள்ளன.

நேயர்களே, அந்த ஏற்றத்தை மறுபடியும் எண்ணிப் பாருங்கள். ஏறியவர் பெயர் உலகெங்கும் விளங்குகிறது. பல்லக்குத் தூக்கியவர்கள், சோறு சுமந்தவர்கள், பாதை காட்டிய யோகிகள், சங்கிலி அறைந்த கொல்லர்கள், கரையில் காத்திருந்த நகுதா, இவர்களில் ஒருவர் குறைந்திருந்தாலும் அவர் உச்சியைக் கண்டிருக்க மாட்டார். அந்த உண்மையை மறைக்காமல் எழுதிவைத்ததே அன்னாரின் பெருந்தன்மை. நம்மில் கடை வைத்துத் தலையெடுத்த ஒவ்வொருவருக்கும் முதல் சரக்கைக் கடனாகக் கொடுத்த ஒருவர், படுக்க இடம் தந்த ஒருவர், ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்த ஒருவர் இருந்திருப்பார். அவர்களை நினைப்பது நமது கடமை. நமக்குப் பின்னால் ஏறி வரும் இளைஞனுக்கு நாமும் ஒரு சங்கிலியை அறைந்து வைப்பது அதனினும் பெரிய கடமை. அதற்கு வல்ல நாயன் நமக்கு அருள் புரிவானாக.